ப்ரிஸ்கெட்டுக்குத் தமிழ் 'மார்பகம்' இல்லைங்க, நெஞ்சுக்கறி

போன மாசம் பொள்ளாச்சியில இருந்து எங்கக்கா போன் பண்ணுச்சு, "டேய் தம்பி, நீ சொன்ன அந்த ஸ்லோ குக்கர் பீஃப எட்டு மணி நேரம் வெச்சும் பஞ்சாட்ட கெடக்குது, பால் வாடை வேற அடிக்குது, ஒருத்தரும் வாயில வெக்கல"ன்னு. (ஸ்லோ குக்கர்னா கம்மிச் சூட்டுல மணிக்கணக்கா வேகவெக்கற கரண்டுச் சட்டி.) என்ன கறிக்கா வாங்குனேன்னு கேட்டா, மடிக்கறி. ஏன் மடிக்கறின்னா, அது படிச்ச தமிழ்க் குறிப்புல 'மாட்டு மார்பகம் ஒன்றரை கிலோ'ன்னு போட்டிருந்துச்சாம். மாட்டுக்கு மார்பகம்னா மடிதானேன்னு நெனச்சு கடையில அதையே கேட்டு வாங்கியிருக்குது. அக்கா மேல எந்தத் தப்பும் இல்லைங்க, ப்ரிஸ்கெட்ட 'மார்பகம்'னு தமிழாக்கி எழுதுனவங்க மேலதான் தப்பு. இந்த 'மார்பகம்'ங்கற வார்த்தைய ரொம்ப நாளா கேட்டுக் கேட்டுப் பொறுத்துட்டு இருந்தேன், ஒன்றரை கிலோ கறியும் ஒரு நாள் பொழுதும் வீணாப் போனதுக்கப்பறம் எழுதாம இருக்க முடியல.

ப்ரிஸ்கெட்னா மாட்டோட முன்பக்கம், அலைதாடி (கழுத்துக்குக் கீழ தொங்கற தோலு) முடியற எடத்துல, முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நெஞ்சுச் சதை. ஆங்கிலத்துல இது 14ஆம் நூற்றாண்டு வாக்குல வந்த சொல்லு, ஸ்காண்டிநேவியப் பக்கத்துப் பழைய நார்ஸ் மொழியில 'ப்ரியோஸ்க்'னா குருத்தெலும்பு, அதுல இருந்து வந்திருக்கும்னு சொல்றாங்க. நெஞ்சுக்கூட்டுக்கு முன்னால இருக்கற குருத்த வெச்சு வந்த பேருன்னு வெச்சுக்கலாம். வேர்க்கதை அவ்வளவுதான்.

இப்ப மார்பகத்துக்கு வரேன். இதச் சொன்னா ஒடனே சில பேரு, பழைய பாட்டுல ஆம்பளைங்க மார்பையும் மார்பகம்னு பாடியிருக்காங்களேன்னு கேப்பாங்க. பாடியிருக்காங்க, இல்லைங்கல. மார்பு, அகம், ரெண்டும் சேந்த சொல்லு அது. ஆனா இன்னைக்கு அந்தச் சொல்லு எங்க இருக்குது? ஆஸ்பத்திரி போர்டுல 'மார்பகப் புற்றுநோய் பரிசோதனை'ன்னு இருக்குது. இன்னைக்கு யாரு காதுல விழுந்தாலும் பொம்பளைங்க உடம்புதான் நெனவுக்கு வரும். அத எடுத்துக் கோழிக்கும் மாட்டுக்கும் ஒட்ட வெக்கறாங்க. 'கோழி மார்பகம் இருநூறு கிராம்'னு சமையல் குறிப்புல படிக்கறப்பெல்லாம் எனக்கு ஒடம்பு கூசுது. எழுதறவங்க அகராதியத் தொறந்து மொதல்ல இருக்கற சொல்ல எடுத்து வெச்சுட்டுப் போயிடறாங்க, ஒரு தடவ கறிக்கடைக்குப் போய் நின்னிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது.

நான் கோயமுத்தூர் உக்கடத்துல வாங்கற கடையில மொதத் தடவ படத்தக் காட்டித்தான் கேட்டேன். கடைக்கார பாய் படத்த ஒரு பார்வை பாத்துட்டு, கத்தியக் கீழ வெச்சுட்டுத் தன்னோட நெஞ்சுல கைய வெச்சு, "இது நெஞ்சு தம்பி, நெஞ்சுன்னு கேளுங்க"ன்னாரு. ஒரு பக்கம் வெரல் தண்டிக்கு வெள்ளைக் கொழுப்பு, மறுபக்கம் செவசெவன்னு நாரு நாரா நீளமா ஓடற சதை. அவர் சொன்னதுதான் எனக்கு அகராதி.

நம்ம பேச்சுல இதுக்கு ஒரு வழக்கம் ஏற்கனவே இருக்குது பாருங்க. தலைக்கறி, தொடைக்கறி, மடிக்கறி. உறுப்புப் பேரு, பின்னால கறி. தலைக்கறிய யாரும் தலையகம்னு சொல்றதில்ல, நெஞ்சுக்கு மட்டும் எதுக்கு அகம்? நெஞ்செலும்புன்னு சொல்லலாமேன்னா, ஆட்டுக்கறிக் கடையில சூப்புக்கு வாங்கறது அது, எலும்போட வரும், ப்ரிஸ்கெட் எலும்பில்லாத சதை. மார்கண்டம்னு ஒரு நல்ல சொல்லும் கறிக்கடைகள்ல உண்டு, உப்புக்கண்டத்துல வர்ற அதே கண்டம், துண்டுன்னு அர்த்தம். கண்டம் வடசொல்லுன்னு சில பேரு மொகம் சுளிப்பாங்க, எனக்கு அது பெருசில்ல, ஆனா அது பெரும்பாலும் ஆட்டுக்குத்தான் பொழங்குது. 'மார்பிறைச்சி'ன்னும் ஒண்ணு பாத்தேன், தூய தமிழ்தான், கடையில கேட்டா யாருக்கும் புரியாது. தூய்மைய விட, கேட்டா சரியான கறி கெடைக்கறதுதான் எனக்கு முக்கியம். நெஞ்சுக்கறி தமிழாவும் இருக்குது, புரியவும் செய்யுது.

பேர ஏன் இவ்வளவு புடிச்சுட்டுத் தொங்கறேன்னா சமையலே அதுல இருக்குது. மாட்டுக்குக் காறையெலும்பு (நமக்குத் தோளையும் நெஞ்செலும்பையும் சேக்கற எலும்பு) கெடையாது, ஒடம்பு எடையில பாதிக்கு மேல இந்த நெஞ்சுச் சதைதான் தாங்குது. நின்னு நடந்து உழைச்ச சதை, இணைப்புத் திசு ஜாஸ்தி, அதுல கொலாஜன்ங்கற கெட்டிப் புரதம் நெறைய. வெடுக்குன்னு வேகவெச்சா தோல் செருப்பு, சிறுதீயில நேரங் குடுத்தா அந்தக் கொலாஜன் உருகி ஜெலட்டினா மாறி நாரு தனித்தனியாப் பிரியும். மடியில அந்த நாரே இல்ல, எப்படி வரும்?

அதே குறிப்புல 'மெதுவான குக்கரில் மென்மையான மார்பகம்'னு வேற. குக்கரு என்ன மெதுவா நடக்குதா? மென்மைங்கறது தோலத் தடவுனா தெரியற கொணம், அத சோப்பு விளம்பரத்துல சொல்லட்டும். கறி பூவாட்டம் வெந்துச்சும்போம், அதுதான் பேச்சு. தீயளவுக்குச் சித்த வைத்தியத்துல தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினின்னு தனித்தனிப் பேரே வெச்சிருக்காங்க, விளக்குச் சுடர் அளவு தீதான் தீபாக்கினி. அமெரிக்காவுல இர்விங் நாக்சன் 1940ல காப்புரிமை வாங்கி, 1971ல க்ராக்பாட்னு கடைக்கு வந்த அந்தச் சட்டி செய்யறதும் அந்தச் சிறுதீ வேலைதான். சிறுதீச் சட்டின்னு சொல்லுங்க, இல்லன்னா ஸ்லோ குக்கர்னே சொல்லுங்க. இந்த மாதிரிக் குறிப்புகள்ல வர்ற பார்பிக்யூவ (தணல்ல சுடற சமையல்) 'சுட்ட கறி'ன்னு போடறதும் இங்க பொருந்தாது, இந்தச் சட்டிக்குள்ள கறி நெருப்பையே பாக்கறதில்ல, அந்த ருசி மசாலாவுலயும் சாஸ்லயும் வர்றது.

அக்காவுக்கு மறுபடியும் சொல்லிட்டேன். கடையில "நெஞ்சுக்கறி ஒன்றரை கிலோ, கொழுப்பு கழிக்காம, ஒரே துண்டா"ன்னு கேளு. உப்பு, மிளகாத்தூள், சீரகத்தூள், மிளகு, பூண்டு, ரெண்டு கரண்டி கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுத் தேய்ச்சு ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெய்யி. காலையில வெங்காயத்த அடியில பரப்பி, கொழுப்புப் பக்கம் மேல வர்ற மாதிரி வெச்சு, தக்காளி சாஸும் வினிகரும் கலந்து அரை டம்ளர் ஊத்து, அதுக்கு மேல வேண்டாம், கறியே தண்ணி விடும். 'லோ'ங்கற கம்மிச் சூட்டுல எட்டுல இருந்து பத்து மணி நேரம், நடுவுல மூடியத் தொறக்காத. முள்கரண்டி தடையில்லாம எறங்குனா எடுத்து ஆறவிட்டு, நாரு ஓடற பக்கம் பாத்து அதுக்குக் குறுக்கால அறு.