கேலிப்ரேஷன்: திருத்துவது எதை?

மடிக்கணினியின் பேட்டரி நலத்தை (‘பேட்டரி ஹெல்த்’) ஒரு செயலி (ஆப்) 92 சதவீதம் என்கிறது, இன்னொன்று 84 என்கிறது. யாரைக் கேட்டாலும் ‘பேட்டரியை ஒருமுறை கேலிப்ரேட் செய்து பாருங்கள்’ என்பதுதான் பதில். செய்து முடித்தால் பேட்டரிக்கு ஆயுள் கூடிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. கூடாது. அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது.

கேலிப்ரேஷனுக்கு மூலம் ‘காலிபர்’, அதாவது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக வந்தது. அதற்கும் முன்னே அரபியில் அச்சு, வார்ப்பு என்று பொருள்படும் ‘காலிப்’ இருக்கிறது என்பது அகராதிகள் பெரும்பாலும் ஏற்கும் வழி. குழலின் விட்டத்தைச் சரிபார்ப்பதைக் குறித்த சொல், பிறகு வெப்பமானியின் கண்ணாடிக் குழாய்க்கு வந்து, கடைசியில் எல்லா அளவுகருவிகளுக்கும் பொதுவாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ‘பேட்டரி’யும் பீரங்கிப் படையிலிருந்து வந்ததுதான். வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு இருந்த பெயரை, ஒன்றோடொன்று இணைத்த மின்தேக்கிகளுக்கு 1749இல் எடுத்தாண்டவர் பெஞ்சமின் பிராங்ளின்.

தமிழில் கேலிப்ரேஷனுக்கு ‘அளவுத்திருத்தம்’ நன்றாகப் பொருந்துகிறது. திருத்தப்படுவது அளவு என்பதை அது சொல்லிலேயே வைத்திருக்கிறது. சிலர் ‘தரப்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். அது வேறு வேலை, பல பொருள்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது. தராசு முள்ளைச் சரிசெய்தால் தட்டில் இருக்கும் மூட்டையின் எடை கூடுவதில்லை அல்லவா? இங்கும் அதே கதைதான்.

அப்படியானால் திருத்த வேண்டிய முள் எங்கே இருக்கிறது? செயலியில் இல்லை. செயலி எதையும் அளப்பதில்லை. பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறு சில்லு (சிப்), உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைத்திருக்கிறது. ‘முழுதாக ஏற்றினால் இவ்வளவு கொள்ளும்’ என்று அது மதிப்பிடும் எண்ணை, தயாரிப்பின்போது குறித்த கொள்ளளவால் வகுத்தால் வருவதுதான் ‘பேட்டரி ஹெல்த்’. என்னைக் கேட்டால் இதை ‘கொள்ளளவு விகிதம்’ என்றே சொல்லலாம். ‘ஆரோக்கியம்’ என்றதும் மருத்துவர் சோதித்துச் சொன்னது போன்ற ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

சில்லின் கணக்கு தடம் மாறக் காரணம் பெரும்பாலும் நம் பழக்கம். பேட்டரி கிட்டத்தட்ட நிறைவிலிருந்து கிட்டத்தட்ட காலி வரை போனால்தான் பல சில்லுகளுக்குத் தங்கள் மதிப்பீட்டைச் சரிபார்க்க முடியும். எப்போதும் சார்ஜரில் சொருகியே வைத்திருந்தாலோ, 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருந்தாலோ அதற்கு வாய்ப்பே வராது. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கணினி திடீரென்று அணைவது பல நேரம் இப்படித்தான்.

இதற்கு மேல் செயலியும் தன் பங்குக்குக் குழப்பும். சில சில்லுகள் கொள்ளளவை மில்லி ஆம்பியர் மணியில் (mAh) தருகின்றன. வாட் மணியில் (Wh) காட்ட அதை மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். ஒரு பேட்டரியின் தயாரிப்புக் கொள்ளளவு 4,000 மில்லி ஆம்பியர் மணி, பெயரளவு மின்னழுத்தம் (பேட்டரியில் குறித்திருப்பது) 10.8 வோல்ட் என்று வையுங்கள்: 43.2 வாட் மணி. இப்போதைய கொள்ளளவு 3,600 என்றால் சரியான விடை 90 சதவீதம். ஆனால் ஒரு செயலி 10.8க்குப் பதிலாக அந்த நேரத்து மின்னழுத்தத்தால் பெருக்கினால்? முழுதாக ஏற்றிய நிலையில் 12.6 வோல்ட், விடை 45.36 வாட் மணி, அதாவது 105 சதவீதம்! கிட்டத்தட்ட காலியாகி 9.9 வோல்ட் இருக்கும்போது பார்த்தால் 82.5. பேட்டரி அதேதான், காலையில் இளமை, மாலையில் முதுமை.

இந்த இரண்டாவது வகைப் பிழையை எந்த அளவுத்திருத்தமும் தீர்க்காது. செயலியை மாற்ற வேண்டியதுதான். விண்டோஸோ லினக்ஸோ தானே தரும் இரண்டு கொள்ளளவு எண்களை (தயாரிப்பின்போது குறித்தது, இப்போதையது) எடுத்து, இரண்டும் ஒரே அலகில் இருக்கிறதா என்று பார்த்து, நாமே வகுத்துக்கொள்வது நல்லது.

முதல் வகைக்கு, அதாவது சில்லின் கணக்குப் பிழைக்குத்தான் அளவுத்திருத்தம். முழுதாக ஏற்றி, சிறிது நேரம் அப்படியே விட்டு, சார்ஜரைக் கழற்றி, கணினி தானாக அணையும் அளவுக்கு இறக்கி, மீண்டும் தடையில்லாமல் முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றத்துக்கு வரம்பு வைத்திருந்தால் அதை அன்று மட்டும் எடுத்துவிடுங்கள். அப்புறம் சதவீதம் கூடலாம், குறையவும் செய்யலாம். குறைந்தால் பதற வேண்டாம், முன்பு காட்டியதுதான் தவறு. எண் கூட வேண்டும் என்று வாராவாரம் இதைச் செய்வது வீண்வேலை மட்டுமல்ல, லித்தியம் பேட்டரியை அடிக்கடி அடிவரை இறக்குவது அதன் தேய்மானத்தைக் கூட்டும்.

சரி, எண் துல்லியமாகவே வந்துவிட்டது என்று வைப்போம். அப்போதும் அது சொல்வது கொள்ளளவை மட்டும்தான். பேட்டரி உப்பிக்கொண்டு டச்பேடை மேலே தள்ளும் நிலையிலும் செயலி 95 சதவீதம் காட்டக்கூடும். அந்தப் பேட்டரிக்கு அளவுத்திருத்தம் செய்யக் கூடாது. சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்தி, அதை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.