எண்ணெய் நீங்கினாலும் உப்பு நீங்காது

எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. பாறையடுக்குகளில் அதனோடு நெடுங்காலம் கிடந்த உப்புநீரும் சேர்ந்தே மேலேறுகிறது. ‘புரொடியூஸ்டு வாட்டர்’ என்று நாங்கள் அழைக்கும் இந்த நீர், எண்ணெய் வயலுக்கு வயது ஏற ஏறப் பெருகும். ஓமன் நாட்டின் நிமர் வயலில் 1 பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 10 பீப்பாய் நீர் வருகிறது.

முன்பு அந்த நீரை மின்சாரம் செலவழித்து ஆழத்துப் பாறைகளுக்குள் அழுத்தி அனுப்பினார்கள். இப்போது அதில் ஒரு பகுதி, மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுத்த பின், பாலைவனத்தில் பல நூறு ஹெக்டேர் பரப்பில் அமைந்த நாணல் பாத்திகளுக்குள் செல்கிறது. பம்பு ஏதுமின்றி நிலத்தின் சரிவிலேயே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருக்கு மேல் ஓட, வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிரிகள் எஞ்சிய எண்ணெயைச் சிதைத்துவிடுகின்றன. என் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. ஆனால் நாணல் உப்பை நீக்குவதில்லை. வெயிலில் நீர் ஆவியாவதால் உப்பின் அடர்த்தி கூடவே செய்கிறது. ஆகவேதான் அங்கே பாத்திகளுக்கு அப்பால் ஆவியாக்கும் குளங்கள் இருக்கின்றன.

நான் பணியாற்றிய வேறோர் இடத்தில் இதை மறந்தார்கள். குடுவையில் தெளிவாகத் தெரிந்த நீரை வளாகத்து வேப்பங்கன்றுகளுக்கு ஊற்ற, மூன்றாம் வாரத்தில் இலைகளின் ஓரம் தீய்ந்தது. தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்ட முடிந்தது. அன்றைய ஆய்வறிக்கையில் எண்ணெயின் அளவு மட்டுமே இருந்தது.

அமெரிக்காவின் பெர்மியன் படுகையில் இந்த நீர் பல இடங்களில் கடல்நீரைவிட மூன்று மடங்கு உப்பானது. அதை நன்னீராக்கும் செலவு மிக அதிகம் என்பதால், கசடு, இரும்பு, பாக்டீரியா ஆகியவற்றை மட்டும் நீக்கிவிட்டுப் எண்ணெய் எடுப்பதற்காக நீரழுத்தத்தால் பாறைகளைப் பிளக்கும் பணிக்கே திரும்பப் பயன்படுத்துவதுதான் அறிவுடைமை; அவ்வளவு நன்னீரும் மிஞ்சும். மிகுதியை ஆழத்தில் செலுத்துவதிலும் ஆபத்து உண்டு. ஒக்லஹோமாவில் 2016-இல் 5.8 அளவில் நிலம் நடுங்கியதற்கு இப்படிச் செலுத்திய கழிவுநீரே காரணமாகக் கருதப்படுகிறது.

காவிரிப் படுகையிலும் எண்ணெய்க் கிணறுகள் இயங்குகின்றன. சுத்திகரித்த நீர் என்று யாராவது பாசனத்துக்குத் தர முன்வந்தால், டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு), சோடியம் விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிடுகையில் சோடியத்தின் அளவு), போரான், கதிரியக்கமுள்ள ரேடியம் ஆகியவற்றின் அளவுகள் தனித்தனியே உள்ள ஆய்வறிக்கையைக் கேளுங்கள். சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, அடுத்து வரும் நல்ல நீரையும் உள்ளே விடாது.