அகமதாபாத்தில் வெயில் ஏறினால் யாருக்கு போன் போகும்?

வெயிலால் இறந்தவர்களைக் கணக்கெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றிருக்கும், சிறுநீரகம் செயலிழந்தது என்றிருக்கும். வெயில் என்று அபூர்வமாகத்தான் இருக்கும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆய்வாளர்கள் காரணத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மாதம் நகரில் நேர்ந்த மொத்த இறப்புகளை எண்ணினார்கள்: 4,462. 2009, 2011 மே மாதங்களோடு ஒப்பிட்டால் 1,344 கூடுதல்.

அந்தக் கோடைக்குப் பிறகு மாநகராட்சி சும்மா இருக்க முடியவில்லை. காந்திநகரின் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் போன்றவற்றோடு சேர்ந்து 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எந்தச் சூட்டில் இறப்பு கூடுகிறது என்று பார்த்து அளவுகளை வகுத்தார்கள். 41.1 டிகிரிக்கு மஞ்சள், 43.1க்கு ஆரஞ்சு, 45க்கு சிவப்பு. முன்னறிவிப்பு அந்த அளவைத் தொட்டால், இதற்கென்றே நியமித்த அதிகாரி மருத்துவமனைகளுக்கும் 108 ஆம்புலன்ஸ் சேவைக்கும் மற்ற துறைகளுக்கும் சொல்லிவிடுவார். பனிக்கட்டி, குளுக்கோஸ் பாட்டில், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எல்லாம் தயாராக வேண்டும். யார் எதைச் செய்வது என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருப்பதால், அன்றைக்குக் கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

சில மாற்றங்களுக்குச் செலவே அதிகம் இல்லை. ஏசி இல்லாத ஒரு மருத்துவமனையில் 2010 ஏப்ரல் முதல் ஜூன் வரை, சூடு தாங்காமல் 24 பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அப்புறம் மகப்பேறு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அதே மாதங்களில் நான்கே குழந்தைகள். வெயிலின் ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்த்தபோதும் தளம் மாறியதன் பலன் தெரிந்தது.

இந்தத் திட்டத்தைப் பார்த்துப் பல இந்திய நகரங்கள் தங்களுக்கும் எழுதிக்கொண்டன. நல்லதுதான். ஆனால் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் வம்பு. சென்னை போன்ற கடலோர ஊரில் 38 டிகிரியோடு புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை உலராது, உடல் குளிராது, 41.1க்குக் காத்திருந்தால் எச்சரிக்கை வராமலே போகலாம்.

என்னைக் கேட்டால், சுலபமான பாதிதான் முடிந்திருக்கிறது. எச்சரிக்கை விடுவது சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. தகரக் கூரையை வெள்ளையடிப்பதும், மரத்துக்கு இடம் விடுவதும், கட்டட அனுமதியில் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்குவதும் வேறு துறைகளின் வேலை. அங்கே ஒரு போனில் காரியம் நடக்காது. பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும், விதிகளைத் திருத்த வேண்டும்.