மாடல் கிட் வாங்கும் முன் அச்சின் வயதைக் கேளுங்கள்

பாகங்களை ஒட்டி விமானம், டாங்கி என்று செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி மேலிருக்கும் ஓவியத்தைப் பார்த்தே பணத்தை எடுக்கிறார்கள். அந்த ஓவியம் போன வருடம் வரைந்ததாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பாகங்களை வார்த்த அச்சு நாற்பது வருடப் பழசாக இருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பைன்டவுனில் பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வாளியோ, கார் உதிரியோ, எதை வார்த்தாலும் அச்சு தேய்கிற விதம் ஒன்றுதான். பள்ளி விடுமுறை நெருங்கினால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தெரிந்தவர்கள் போனில் பெட்டிப் படத்தை அனுப்பி, "அண்ணா, பையனுக்கு இதை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். பெட்டியை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த அச்சு என்று தெரிய வேண்டும்.

ஒரே அச்சு பல பெட்டிகளில் வருவது இந்தத் தொழிலில் சாதாரணம். கிட் கம்பெனியான ரெவெல் தன் சொந்த அச்சுகளோடு இத்தாலெரி, ஹாசெகாவா, ஐசிஎம் போன்றவர்களின் அச்சுகளில் வந்தவற்றையும் தன் பெயரில் விற்றிருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் பழைய அச்சுகளை ‘வின்டேஜ் கிளாசிக்ஸ்’ என்றே வெளிப்படையாக எழுதி விற்கிறது. அது நேர்மையான வழி. ஒரே கம்பெனிக்குள்ளும் வித்தியாசம் உண்டு. டமியா 1/48 அளவில் (நிஜத்தின் 48இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை 1990களில் ஒரு முறை செய்தது; 2018இல் முற்றிலும் புதிய அச்சில் மறுபடியும் செய்தது. பெயரும் அளவும் ஒன்று, கிட் வேறு. ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் கிட்டின் எண்ணைத் தட்டினால் அந்த அச்சு முதலில் வந்த வருடமும், பிறகு எந்தெந்தப் பெட்டிகளில் வந்தது என்பதும் தெரியும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

சரி, பெட்டியைத் திறக்க விட்டார்கள் என்றால் எதைப் பார்ப்பது? முதலில் ஓரங்கள். அச்சு என்பது இரண்டு எஃகுப் பாதிகள். தேய்ந்த அச்சில் அவை இறுக்கமாக மூடாது. இடுக்கில் உருகிய பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய பிசிறாக நிற்கும். கொஞ்சம் பிசிறு இருந்தால் கத்தியால் சீவிவிடலாம். விமானியின் இருக்கை, சக்கரக் கால் போன்ற சின்னப் பாகங்களைச் சுற்றியும் படர்ந்திருந்தால் வேலை பெரிது. அடுத்து, உருண்டையான பாகங்கள். பீரங்கிக் குழாயை விரலால் வருடுங்கள். நீளவாக்கில் படி போலத் தட்டினால் அச்சின் இரு பாதிகளும் விலகிவிட்டன. அதைத் தேய்த்தால் குழாயின் வட்டமே கெட்டுப்போகும், ஆகவே அந்தக் கிட்டை நான் வாங்க மாட்டேன்.

பிளாஸ்டிக் தடித்த இடங்களில் குழிவு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கிட் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சுருங்கும். தடித்த இடம் கடைசியாக ஆறுவதால் மேற்பரப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் ஊசிகளின் வட்டத் தடங்கள் எல்லாக் கிட்டிலும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில் விழும்படி வைத்திருந்தால், அச்சை வடிவமைத்தவர் அக்கறையுள்ளவர்.

விமானத்தின் தகடு இணைப்புக் கோடுகள் அச்சின் வயதைக் காட்டிக்கொடுக்கும். எஃகில் கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது புடைத்து நிற்கும். பள்ளக்கோடு வேண்டுமென்றால் எஃகில் மெல்லிய வரப்பை விட்டு மற்ற இடமெல்லாம் குடைய வேண்டும். அது கடினமான வேலை. அதனால்தான் பழைய கிட்களில் பெரும்பாலும் புடைத்த கோடுகள். பள்ளக்கோடு என்றாலே உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். 1/72 மாடலில் 0.2 மில்லிமீட்டர் அகலக் கோடு, நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். அப்படி எந்த விமானமும் பறக்கவில்லை.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு முதலில் பலியாவது டீக்கால்கள், அதாவது மாடல் மேல் ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும். பெட்டி ஈரத்தில் நமத்திருந்தால் டீக்கால் தாளைக் கட்டாயம் பாருங்கள்: மஞ்சளித்த படலம், வெடிப்பு, ஒட்டிக்கொண்ட காகிதம். உங்கள் பையனுக்குத் தென்னாப்பிரிக்க விமானப் படையின் ஸ்பிட்ஃபயர்தான் வேண்டுமென்றால், இரண்டாம் உலகப் போர்க் காலச் சின்னத்தின் நடுவில் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு இருக்கும். அது தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மென்மையான வினைல் டயர்கள் பாகங்களோடு ஒட்டிக் கிடந்தாலும் கவனம். வினைலை இளக்கும் எண்ணெய் கசிந்து பாலிஸ்டைரீனைக் கரைக்கும்.

பழைய அச்சு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. பாகங்கள் குறைவாக, ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினால், முதல் கிட்டுக்கு அது போதும். எனக்குக் கோபம் வருவது பொருந்தாத கிட்டைக் குழந்தை கையில் கொடுக்கும்போதுதான். இறக்கை உடலோடு சேரவில்லை என்றால், அச்சு தேய்ந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தன் கைக்கு வராது என்று நினைத்து ஒதுக்கி வைத்துவிடும்.

ஒட்டி மூடிய பெட்டி என்றால் கடைக்காரரிடமோ விற்பவரிடமோ பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களின் படம் கேளுங்கள். இரண்டாம் கை கிட் என்றால் செய்முறைத் தாளில் உள்ள சட்ட வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, கண்ணாடிப் பாகங்களில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். படம் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.