காசு வாங்காமல் செய்து கொடுத்தார்களா?

இப்படி ஏமாந்து என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களில் இந்த மாதத்தில் மட்டும் இவர் மூன்றாவது ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். டெபாசிட் என்று நினைத்துப் போட்ட பணம். பிரித்துப் பார்த்தால் ஆயுள் காப்பீடு, 10 ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டும். எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதன்மேலேயே அந்த அம்மாவின் முத்து முத்தான கையெழுத்து. இரண்டு வரி மேலே ‘ஆண்டுதோறும்’ என்று அச்சாகியிருந்தது.

“இதை வித்த தம்பி ஒரு காசுகூட வாங்கலை சார். எல்லாத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்” என்றார்.

இதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சேமிப்பு, கடன், காப்பீடு, முதலீடு, பணம் அனுப்புவது, ஆலோசனை எல்லாமே நிதிச் சேவைதான். இவற்றில் நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு வாக்குறுதியை. துணி என்றால் தடவிப் பார்த்து வாங்கலாம், சாயம் போனால் அடுத்த வாரமே தெரிந்துவிடும். இங்கே சாயம் போனது தெரிய 15 வருடம்கூட ஆகும். விற்றவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

சரி, அந்தத் தம்பிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? நீங்கள்தான். கமிஷன் உங்கள் பிரீமியத்திலிருந்துதான் போகிறது. முதலீட்டு நிதிகளிலும் இப்படித்தான். ஆண்டுச் செலவுக்கு உங்களிடம் பில் வராது, உள்ளேயே கழித்துக்கொள்வார்கள். 100 ரூபாய் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 25 ஆண்டுகளில் சுமார் 685 ஆகும். அந்த எட்டில் ஆண்டுதோறும் ஒன்றரை சதவீதம் செலவாகப் போனால் சுமார் 483தான். யாரும் கையை நீட்டிக் கேட்காமலே 200 ரூபாய் போய்விட்டது. இதைத்தான் இலவசம் என்கிறீர்கள்.

படிப்பறிவு இல்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் கடனோடு சேர்த்துத் தவறாக விற்ற காப்பீட்டுக்காக வங்கிகளும் மற்ற நிறுவனங்களும் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல். முதலீட்டு ஆலோசனைக்கு நிறுவனங்களிடம் கமிஷன் வாங்குவதை 2013 முதல் அந்த நாடே தடுத்துவிட்டது. நான் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குகிறவன். தொகையைச் சொன்னதும் எழுந்து போகிறவர்கள் உண்டு. போகட்டும், ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டாவது போங்கள்.

விற்பவர் மேசையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தர மறுத்தால் எழுந்துவிடுங்கள். எத்தனை வருடம் கட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு கிடைக்கும், ‘உங்களுக்கு இதில் எவ்வளவு வருகிறது’ என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது, தயவுசெய்து கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். பாலிசி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தை அன்றே படியுங்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பல நாடுகளில் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம்வரை அவகாசம் உண்டு.

அந்த ஆசிரியை அம்மாவுக்கு அந்தக் கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போதே நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்று கேட்டு, என் மேசையில் உட்கார்ந்தே கடிதம் எழுதினார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.