இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு: சாப்பிட்ட அரைமணியில் ஏன் படபடக்கிறது?

இரைப்பையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்தவர்கள் முதலில் கேட்பது, "என்னென்ன சாப்பிடலாம்?" ஆனால் பெரும்பாலான தொல்லை வருவது சாப்பிடும் வேகத்தாலும், கூடவே குடிக்கும் தண்ணீராலும்தான்.

இரைப்பையின் அடிவாசலில் ஒரு தசை வளையம் உண்டு. கூழான உணவைச் சிறுகச் சிறுகக் குடலுக்குள் விடுவது அதன் வேலை. அது போய்விட்டால், உண்டது மொத்தமாகக் குடலில் கொட்டும். அதில் சர்க்கரை அதிகமிருந்தால் ரத்தத்திலிருக்கும் நீரும் குடலுக்குள் இழுக்கப்படும். 10 முதல் 30 நிமிடத்துக்குள் வயிறு உப்பும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேதியாகும். இதைத்தான் 'டம்ப்பிங்' என்கிறோம்.

1 முதல் 3 மணி நேரம் கழித்துக் கை நடுங்கிக் கண் இருட்டுவது வேறு. இன்சுலின் மிகையாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும். பசி என்று நினைத்து ஜூஸ் குடித்தால் அப்போதைக்குத் தெளியும். பிறகு அதே சுற்று மறுபடி தொடங்கும். இனிப்பு கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கையோடு முட்டையோ கடலையோ சாப்பிடுங்கள்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். சிறு கரண்டியால் எடுத்து, ஒவ்வொரு வாயையும் 20, 25 தடவை மெல்லுங்கள். முட்டை, மீன், பருப்பு முதலில்; மாவுப்பொருள் பிறகு. தண்ணீர் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னோ பின்னோதான். மென்மையான ரொட்டி மாவாகத் திரண்டு அடைக்கும்; காய்ந்த இறைச்சியும் அப்படியே. ஆரஞ்சுச் சுளையின் தோல், நார்க் காய்கள் செரிக்காமல் உருண்டையாகித் தங்கலாம். வாந்தியைக் கொண்டுவருவது பெரும்பாலும் வீணாக்கக் கூடாதே என்று விழுங்கும் அந்தக் கடைசிக் கரண்டிதான். போதும் என்று தோன்றிய இடத்தில் தட்டைத் தள்ளிவிடுங்கள்.

தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, காய்ச்சல், கறுப்பு மலம், கடும் வயிற்றுவலி இருந்தால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வைட்டமின் பி12 பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. அதை உடல் ஏற்க உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்குச் சாப்பாட்டால் மட்டும் இதை ஈடுகட்ட முடியாது. வழக்கமாக ஊசிதான், அதுவும் ஆயுள் முழுவதும். கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில ஆண்டுகள் தாங்குவதால் குறை உடனே தெரியாது. செக்கப்புக்கு வருவதையே நிறுத்திய பிறகுதான் பாதம் மரத்துப்போகத் தொடங்கும். அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள்.