கலர் கரெக்‌ஷன்: நிறத்திருத்தமா, வண்ணமூட்டலா?

தைப்பூசம் முடிந்த வாரம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் எடுக்கும் காணொளித் தொகுப்பு வகுப்புக்கு ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்தபடியே வந்தாள். பத்துமலையில் விடியற்காலையில் அவளே எடுத்த காட்சி. திரை முழுக்க மஞ்சள் புடவை, மஞ்சள் வேட்டி.

"அக்கா, எல்லார் மூஞ்சியும் நீலம் அடிக்குது. இதுல எது தப்புன்னு கரெக்‌ஷன் பண்றது?"

அவள் எடுத்ததில் தப்பு எதுவும் இல்லை. கேமராவின் வெண்மைச் சமன் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பு) தானியங்கியில் இருந்திருக்கிறது. அவ்வளவு மஞ்சளைப் பார்த்த கேமரா, வெளிச்சமே மஞ்சள் என்று எண்ணி, ஈடுகட்ட நீலத்தைக் கூட்டிவிட்டது. துணியின் மஞ்சளுக்கும் விளக்கின் மஞ்சளுக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது.

கரெக்‌ஷன் என்றதும் பரீட்சைத் தாளும் சிவப்பு மையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. மூலச் சொல்லுக்குள் அந்த அதட்டல் கிடையாது. லத்தீனில் 'கொரிகெரே' என்றால் நேராக்குவது, நேர்வழியில் செலுத்துவது. அதற்கு நம்மிடம் உள்ள 'திருத்து' இன்னும் அகலமான சொல். பள்ளியில் தாள் திருத்துகிறார்கள். காட்டைத் திருத்திக் கழனியாக்குகிறார்கள். முடிதிருத்தும் நிலையத்தில் போய் உட்கார்கிறோம். முடி வளர்ந்தது குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. இருப்பதை அதன் ஒழுங்குக்குக் கொண்டுவருவதும் திருத்தம்தான். ஆகவே கலர் கரெக்‌ஷனுக்கு நான் வகுப்பில் சொல்வது 'நிறத்திருத்தம்'.

'நிறச்செம்மை' என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பிரதியைச் சரிசெய்வதைச் செம்மையாக்கம் என்கிறோமே, அந்த வழியில். அழகான சொல்தான். ஆனால் செம்மைக்கு நேர்மை, ஒழுங்கு என்ற பொருளோடு சிவப்பு என்ற பொருளும் உண்டு. நிறத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒருவரிடம் "செம்மையாக்கு" என்றால், சிவப்பைக் கூட்டிவிட்டு வந்து நிற்பார். வேறு எங்கு பொருந்தினாலும் இங்கே அது பொருந்தாது.

அந்த மாணவியின் காட்சிக்கு வருகிறேன். நிறம் சாய்ந்த படத்தைத் திருத்த, உண்மையில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும் ஒன்றைப் படத்துக்குள்ளேயே தேட வேண்டும். எங்கு பார்த்தாலும் மஞ்சள். காவடி தூக்கியவரின் நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அது இளநீலமாகத் தெரிந்தது. வெண்மைச் சமனுக்கான துளிக்குழாய்க் குறியை அதன்மேல் வைத்து ஒரு சொடுக்கு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தில், திருநீறு இருந்த இடத்தில் மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்தன. புடவைக்கு மஞ்சள் திரும்பியது, முகங்களில் இரத்த ஓட்டம் தெரிந்தது. "நீலம் தூக்கலா இருந்துச்சு, இப்ப எறங்கிருச்சு" என்றாள். அவள் வாயிலிருந்தே ஒரு கலைச்சொல் கிடைத்தது. ஒரு நிறம் படம் முழுக்கப் படிந்து நிற்பதற்கு, குழம்பில் உப்புக்குச் சொல்வதுபோல, 'தூக்கல்' என்பதே போதும்.

'திருத்தம்' என்ற சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்ட ஒரு காரணம் உண்டு. ஒரு கல்யாணக் காணொளியில் இன்னொரு மாணவர் மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கிக் கொண்டுவந்தார். "கரெக்‌ஷன் பண்ணிட்டேன்" என்றார். அந்தப் பெண் நல்ல மாநிறம். மாந்தளிர் நிறம் என்று கொண்டாடிய மொழியில் அதைத் தப்பு என்று எண்ணித் திருத்தியது எனக்கு வலித்தது. படத்தின் நிறங்களை ஒரு வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பை அவருக்குத் திறந்து காட்டினேன். அந்த வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே தோல்நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ மாநிறமோ சிவப்போ, ஆரோக்கியமான தோல் எதுவானாலும் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது வெளிச்சத்தின் அளவும் நிறத்தின் அடர்த்தியும்தான். முகத்தைக் கோட்டுக்குக் கொண்டுவருவது திருத்தம். வெளுக்க வைப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது.

அடுத்து கலர் கிரேடிங், அதாவது திருத்திய படத்துக்கு நிறங்களால் ஒரு மனநிலை ஏற்றுவது. 'கிரேடு' லத்தீன் 'கிராதுஸ்' வழி வந்தது. படி என்று பொருள். அகராதியைப் பார்த்து 'நிறத் தரப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். முட்டையையும் ரப்பர் ஷீட்டையும் கிரேடு பார்த்துப் பிரிப்பது நம் ஊருக்குத் தெரிந்த வேலை. படத்துக்கு மனநிலை ஏற்றுவது அந்த வேலை இல்லை. படச்சுருள் காலத்தில் ஆய்வகத்தில் பிரதி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை ஒவ்வொன்றும் 50 புள்ளி வரை கூட்டிக் குறைப்பார்கள். பிரிட்டனில் அதைச் செய்தவர் கிரேடர். அமெரிக்காவில் அவரே டைமர். ஒரே வேலைக்கு அவர்களிடமே இரண்டு பெயர் இருந்தபோது, நாம் ஒன்றை எழுத்துக்கு எழுத்து பெயர்க்க என்ன அவசியம்? இன்று அந்த வேலைக்குப் பலரும் திறக்கும் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள், 1984இல் தொடங்கிய டாவின்சி நிறுவனத்தின் வழி வந்தது. 2009இல் அதைப் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கிய பிறகு இலவசப் பதிப்பும் வந்ததால்தான் இந்தச் சொற்கள் நம் பிள்ளைகள் வாய்க்கே வந்தன.

கிரேடிங்குக்கு என் சொல் 'வண்ணமூட்டல்'. நிறமும் வண்ணமும் ஒன்றுதானே என்பார்கள். பேச்சில் ஒன்றுதான், பழக்கத்தில் சாயல் வேறு. தொல்காப்பியத்தின் உரியியல் குரு, கெழு என்ற சொற்களுக்கு நிறம் என்று பொருள் சொல்கிறது. சங்கப் பாடல்களில் மார்புக்கும் நிறம் என்று பெயர். பொருளோடும் உடம்போடும் ஒட்டியது நிறம். வண்ணமோ அதே தொல்காப்பியத்தின் செய்யுளியலில் பாட்டின் ஓசைநயம், இருபது வகை. 'அனைவரும் அறியும் வண்ணம்' என்னும்போது அது விதம். மலாயில் 'வார்னா' என்பது வடமொழி 'வர்ண'வின் வழி வந்தது. வண்ணத்தையும் அதனோடு சேர்ப்பவர்கள் உண்டு, தமிழ் வேர் காட்டுபவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும், நிறத்துக்கு இல்லாத ஓசையும் விதமும் வண்ணத்துக்கு உண்டு. பத்துமலைக் காட்சிக்கு விடியலின் குளிர்ச்சியைக் கொடுப்பதா, தீபத்தின் சூட்டைக் கொடுப்பதா என்பது அந்த விதத்தைப் பற்றிய கேள்வி.

வரிசை மாறக் கூடாது. நீலம் தூக்கலாக இருக்கும் படத்தின்மேல் பொன்னிறத்தை ஏற்றினால் இரண்டும் கலந்து சேறாகும். ரிசால்வில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோடு, அதாவது தனிப் பெட்டி. மூங்கில் கணுவைப்போல அடுத்தடுத்து நிற்பதால் 'கணு' என்றே சொல்கிறோம். இப்போது எங்கள் வகுப்பில் முதல் கணுவுக்குப் பெயர் 'திருத்தம்', இரண்டாவதற்கு 'வண்ணம்'. வேலை முடிந்ததும் இரண்டாவது கணுவை அணைத்துப் பார்க்கச் சொல்வேன். அப்போது திருநீறு வெள்ளையாக இருந்தால் அடுத்த காட்சிக்குப் போகலாம்.